இறங்காமத் திரும்புற பைலட்டுக்கு எத்தனை மார்க்?

2025 ஆகஸ்ட்ல ஒரு செய்தி வந்துச்சே, ஞாபகம் இருக்கா மக்களே? கோழிக்கோடு, லே, காத்மாண்டு மாதிரி சிக்கலான விமான நிலையங்களுக்குப் போகிற பைலட்டுகளுக்கு, அந்த இடங்களுக்கென்று தகுதிச் சான்று வாங்காத சிமுலேட்டரில் பயிற்சி கொடுத்ததாக இண்டிகோவுக்கு டிஜிசிஏ நோட்டீஸ் அனுப்பியது. சுமார் 1,700 பைலட்டுகள் சம்பந்தப்பட்ட விஷயம். அப்புறம் அபராதமும் போட்டார்கள். மேல்முறையீடு செய்யப் போவதாக இண்டிகோ சொன்னது.

அந்தச் செய்தியை வைத்து எங்க ஆபீஸ் சாட் குரூப்பில் மூணு நாள் கும்மி. "பாஸ், இனிமே கோழிக்கோடு ஃப்ளைட்ல போகாதீங்க", "சிமுலேட்டர் சரியில்லைன்னா பைலட்டும் சரியில்லைன்னுதானே அர்த்தம்" இப்படி ஆளாளுக்குத் தீர்ப்பு. நான் கொஞ்சம் வேற கட்சி. டிஜிசிஏ கேட்டது நியாயமான கேள்விதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனா அது சின்னக் கேள்வி. எந்தப் பெட்டிக்குள் உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தாய் என்று கேட்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் எதை அளந்தாய் என்பதுதான் பெரிய கேள்வி. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்துடுங்க.

முதலில் ஒரு டிஸ்கி. நான் பைலட் கிடையாது. சேலத்துல இன்ஜினியரிங் படிச்சு, இப்போ ஏற்காட்டுல வீட்ல உட்கார்ந்து கோட் அடிக்கிற சாதாரண சாஃப்ட்வேர் ஆசாமி. நெட் வந்தா வேலை, கரண்ட் போனா காபி. ராத்திரியில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் விஓஎஸ்எம்-ல இறங்கிப் பழகுறது பொழுதுபோக்கு. விஓஎஸ்எம்-னா வேற ஒண்ணுமில்ல, மலைக்குக் கீழே காமலாபுரத்துல இருக்கிற நம்ம சேலம் ஏர்போர்ட்தான். 2021-ல நின்னு போன விமானம் 2023 அக்டோபர்ல திரும்ப ஆரம்பிச்சப்போ ஊரே சந்தோஷப்பட்டது. அந்தக் குட்டி ரன்வே 6,000 அடிக்குப் பக்கம்தான். ஒரு பக்கம் சேர்வராயன் மலை சுவர் மாதிரி நிக்கும். கம்ப்யூட்டர்ல இறங்கும்போதே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். நிஜத்துல இறக்குறவங்க எப்படித் தயாராகிறாங்கன்னு படிக்க ஆரம்பிச்சதுதான் இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்துடுச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம். ஏர்லைன்ஸ் வைத்திருக்கிற ஃபுல் ஃப்ளைட் சிமுலேட்டர் என்பது நம்ம வீட்டு விளையாட்டு மாதிரி இல்லை. நிஜ விமானத்தின் காக்பிட்டை அப்படியே பெயர்த்தெடுத்து வைத்த மாதிரி ஒரு பெட்டி, அதைத் தாங்கி நிற்கிற ஆறு கால்கள். அந்த ஆறு காலும் நீண்டு சுருங்குவதில்தான் வித்தையே இருக்கு. டேக் ஆஃப் ஆகும்போது முதுகை சீட்டோடு அமுக்குமே, நின்ற இடத்தை விட்டு நகராத ஒரு பெட்டிக்குள் அந்த உணர்ச்சியை எப்படிக் கொடுப்பது? பெட்டியை மெதுவாகப் பின்பக்கம் சாய்த்துவிடுவார்கள். கண்ணுக்கு முன்னால் திரையில் ரன்வே நேராகவே இருக்கும். முதுகை அமுக்குவது வெறும் புவியீர்ப்பு. காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு அதை வேகம் என்று நம்பிவிடும். இதில் உச்சபட்ச தரம் லெவல் டி. அந்தத் தரத்து சிமுலேட்டரில் பயிற்சி முடித்த அனுபவசாலி பைலட் ஒருவர், புது ரக விமானத்தை முதன்முதலா நிஜத்தில் ஓட்டும்போதே பின்னால் பயணிகள் உட்கார்ந்திருக்கலாம். விதிமுறையே அதை அனுமதிக்கிறது. அவ்வளவு நம்பிக்கை அந்தப் பெட்டி மேல.

ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஏர்லைன் பைலட்டும் இதற்குள் பரீட்சை எழுதணும். பைலட் ப்ரொஃபிஷியன்சி செக், சுருக்கமா பிபிசி. லண்டன் பிபிசி இல்லீங்க :) பரீட்சையில் வருகிற கேள்விகள் எல்லோருக்கும் தெரியும். ரன்வேயில் ஓடும்போது ஒரு வேகத்தைத் தாண்டிவிட்டால் அப்புறம் நிறுத்த இடம் போதாது, கிளம்பித்தான் ஆகணும். அந்த வேகத்துக்கு வி-ஒன் என்று பெயர். அதைத் தாண்டின அடுத்த நொடி ஒரு என்ஜினை அணைப்பார்கள். ஒற்றை என்ஜினோடு மேலே ஏறணும், சுற்றி வரணும், இறங்கணும். ரன்வே கண்ணில் படவில்லை என்றால் இறங்காமல் மறுபடி மேலே போகணும். இந்தக் கடைசி விஷயத்துக்குப் பேர்தான் கோ அரவுண்ட். இந்தப் பதிவின் ஹீரோ அதுதான்.

கவனிங்க, கோ அரவுண்ட் பரீட்சையில் ஏற்கெனவே இருக்கு. அதனால "பைலட்டுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை"ன்னு நான் சொல்லல. கோ அரவுண்ட் செய்யத் தெரியுமா என்று பார்க்கிறார்கள். அன்றைக்கு அதைச் செய்ய மனசு வருமா என்பதை அந்த இரண்டு மணி நேரத்தில் பார்ப்பது ரொம்பக் கஷ்டம். இரண்டும் வேற வேற திறமை. நம்ம நாட்டில் ஆட்கள் செத்தது இரண்டாவதில்.

2010 மே 22. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, மங்களூர். மலையுச்சியை வெட்டிச் சமமாக்கிப் போட்ட ரன்வே, முனையில் பள்ளம். டேபிள் டாப் என்று சொல்வார்கள். நம்ம பகோடா பாயிண்ட் பக்கம் ஒரு மேட்டைச் சீவி அதில் விமானத்தை இறக்கச் சொன்னா எப்படி இருக்கும், கற்பனை பண்ணிக்கோங்க. கேப்டன் 10,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். அன்றைய பயணத்தில் சுமார் 1 மணி 40 நிமிடம் தூங்கியிருக்கிறார், குறட்டைச் சத்தம் வாய்ஸ் ரெக்கார்டரில் பதிவாகியிருந்தது. எழுந்து பார்த்தால் விமானம் இருக்க வேண்டியதைவிட ரொம்ப உயரத்தில். செங்குத்தா இறக்குகிறார். பக்கத்து சீட்டில் இருந்த கோ பைலட் கோ அரவுண்ட் என்று மூன்று தடவை சொன்னார். தரை நெருங்குதுன்னு மெஷினும் கத்தியது. 8,000 அடி ரன்வேயில் சுமார் 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. தொட்டு, ரிவர்ஸ் த்ரஸ்ட் போட்டு, அதற்கப்புறம் மறுபடி மேலே ஏற முயற்சி. 166 பேரில் 158 பேர் போய்விட்டார்கள்.

ஏர் மார்ஷல் பி.என்.கோகலே தலைமையில் நடந்த விசாரணை, சரியாக அமையாத அப்ரோச்சை கேப்டன் கைவிடாததுதான் நேரடிக் காரணம் என்று சொன்னது. கோ பைலட் ஏன் வாயால் மட்டும் சொன்னார், கண்ட்ரோலைக் கையில் எடுக்கவில்லை? கோ பைலட்டுக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதில் இருந்த உத்தரவுகளே குழப்பமாக இருந்தன என்று அதே அறிக்கை சொல்கிறது.

பத்து வருஷம் கழிச்சு, 2020 ஆகஸ்ட் 7. அதே கம்பெனி, அதே துபாய், கொரோனா நேரத்து வந்தே பாரத் விமானம், கோழிக்கோடு. அதுவும் டேபிள் டாப். கொட்டுற மழை, கேப்டன் பக்கத்து வைப்பர் மக்கர். இந்தக் கேப்டன் விமானப்படையில் இருந்து வந்த, மிக நல்ல பெயர் எடுத்த பைலட். முதல் முயற்சியில் ரன்வே சரியாகத் தெரியவில்லை, அழகாகக் கோ அரவுண்ட் செய்து மேலே போய்விட்டார். அப்புறம் எதிர்ப்பக்க ரன்வேயில், பின்காற்றோடு, இரண்டாவது முயற்சி. கோ பைலட் கோ அரவுண்ட் சொல்லியும் இறக்கிவிட்டார். 8,858 அடி ரன்வேயில் 4,438 அடி தாண்டித்தான் சக்கரம் பட்டது. சரியாகப் பாதி ரன்வே காலி. இரண்டு பைலட்டுகளையும் சேர்த்து 21 உயிர்.

இந்த இரண்டு அறிக்கைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிச்சப்போ எனக்கு அன்னைக்குத் தூக்கம் வரல. பத்து வருஷ இடைவெளியில் நடுவில் எத்தனை ஆயிரம் பிபிசி நடந்திருக்கும்! எத்தனை தடவை ஒற்றை என்ஜினோடு அழகாக இறக்கிக் காட்டியிருப்பார்கள்! கடைசியில் இரண்டு இடத்திலும் என்ஜின் நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்தது. இரண்டிலும் ஜூனியர் சரியாகச் சொன்னார், சீனியர் கேட்கவில்லை, ஜூனியர் கண்ட்ரோலை எடுக்கவில்லை.

கோழிக்கோடு அறிக்கையில் இன்னொரு விஷயம் இருக்கு, செய்திகளில் அது அதிகம் அடிபடவில்லை. மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து கிளம்ப வேண்டிய ஒரு விமானத்துக்கு இவர்தான் கேப்டன். அங்கே போதுமான கேப்டன்கள் இல்லை. வேறு ஊருக்குத் திருப்பிவிட்டால் மறுநாள் விமானம் போச்சு. எப்படியாவது இங்கேயே இறங்கணும் என்ற அந்த உந்துதல் அவர் முடிவுகளைத் தள்ளியது என்று விசாரணைக் குழு எழுதியிருக்கிறது. இதை எந்த ஆறு கால் பெட்டியில் போட்டு ஆட்டிக் காட்டுவீங்க? மழையை உருவாக்கலாம், பின்காற்றை உருவாக்கலாம், வைப்பரை நிறுத்தலாம். நாளைக்குக் காலையில் வேலைக்கு நிக்கணுமே என்ற நெருக்கடியை எப்படி உருவாக்குறது?

இது இரண்டு தனி ஆட்களோட கதைன்னு நினைச்சா தப்பு. அப்ரோச் சரியாக அமைவது என்பதற்கு அளவுகள் உண்டு. குறிப்பிட்ட உயரத்துக்கு வரும்போது வேகம், இறங்கும் வீதம், திசை எல்லாம் இந்த எல்லைக்குள் இருக்கணும், இல்லையென்றால் யோசிக்காமல் மேலே போகணும். விதி அவ்வளவு தெளிவு. ஆனா ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் 2017-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகம் பூரா, சரியாக அமையாத அப்ரோச்சுகளில் சுமார் 3 சதவீதம்தான் கோ அரவுண்டில் முடிகிறது. மிச்சம் 97 சதவீதம் இறங்கிவிடுகிறது. பெரும்பாலும் ஒண்ணும் ஆவதும் இல்லை. அதுதான் விஷமே. ஒண்ணும் ஆகாத ஒவ்வொரு தடவையும் "நம்மால முடியும்"ங்கிற பாடம்தான் மனசுல பதியுது. ஆறு மாசத்துக்கு ஒரு நாள் பெட்டிக்குள் கற்ற பாடம் ஒரு பக்கம், தினம் தினம் ரன்வேயில் கற்கிற பாடம் ஒரு பக்கம். எது ஜெயிக்கும்?

இப்போ அளவுகோல் விஷயத்துக்கு வரேன். இதுக்கு நான் மலையை விட்டு இறங்கவே வேண்டியதில்லை.

எங்க பெரியப்பா ஒருத்தர் சேலம் ஏற்காடு லைன்ல ரொம்ப வருஷம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். 20 கொண்டை ஊசி வளைவையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். போன மாசம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"பெரியப்பா, நீங்க நல்லா ஓட்டுறீங்களா இல்லையான்னு எதை வெச்சு முடிவு பண்ணுவாங்க?"

"டீசல்தான் கண்ணு. லிட்டருக்கு எத்தன கிலோமீட்டர்னு பேரோட எழுதிப் போடுவாங்க. கம்மியா இருந்தா கூப்பிட்டுக் கேப்பாங்க."

"மலை எறங்கறப்ப?"

"நியூட்ரல்ல உட்டா மிச்சமாகும்னு சில பேரு சொல்லுவான். நான் எந்தக் கியர்ல ஏறுனனோ அந்தக் கியர்லதான் எறக்குவன். வளைவுல மேல ஏறுற லாரி வந்தா நின்னு வழி உட்டுட்டுத்தான் வருவன். அதுல ரெண்டு நிமிசம் போவும். அத எங்கயும் எழுத மாட்டாங்க கண்ணு."

இடையில் இன்ஜினியரிங் மூளை ஒரு குறிப்பு போடச் சொல்லுது: நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்பதே சரியான கணக்கு இல்லை. கியரில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது டீசல் பம்ப் கிட்டத்தட்ட சப்ளையையே நிறுத்திவிடும், சக்கரம்தான் என்ஜினைச் சுற்றும். நியூட்ரலில்தான் என்ஜின் தன்னை ஓட்டிக்கொள்ளவே டீசல் குடிக்கணும். கூடவே பிரேக் மட்டும் போட்டுக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. அதாவது, ஒரு நம்பரைக் காப்பாற்றுவதாக நினைத்து, அந்த நம்பரையும் காப்பாற்றாமல், உயிரையும் பணயம் வைக்கிற வேலை. 2024 ஏப்ரல் 30-ல் இதே மலைப்பாதையில் ஒரு தனியார் பஸ் கவிழ்ந்து உயிர்கள் போனது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வாரம் அந்த வழியா போன எல்லோருக்கும் வயிற்றைப் பிசைந்தது, அவ்வளவுதான்.

விமானத்திலும் இப்படி ஒரு டீசல் கணக்கு உண்டு. ஒவ்வொரு விமானத்திலும் வேகம், உயரம், சாய்வு, தரையைத் தொட்ட அதிர்ச்சி என்று எல்லாமே பதிவாகிறது. ஏர்லைன்ஸ் அதை இறக்கி அலசணும் என்று டிஜிசிஏ விதியே இருக்கு. என்னைக் கேட்டா சிமுலேட்டர் பரீட்சையைவிட இது ஆயிரம் மடங்கு உண்மையான மதிப்பெண் பட்டியல். பரீட்சைக்குன்னு ஜோடிச்சு நடிக்க முடியாது, தினமும் எப்படி ஓட்டுகிறாயோ அதுதான் வரும். பிரச்சினை எங்கே வருதுன்னா, அதில் ஒரே ஒரு நம்பரைப் பிடித்துக்கொண்டு ஆளைக் கூப்பிட்டு விசாரிக்கும்போது. உதாரணம், தரையைத் தொடும்போது வருகிற ஜி. போயிங் 737-ல் 2.1 ஜி தாண்டினால் ஹார்ட் லேண்டிங், விமானத்தைச் சோதிக்கணும். சரி. அதைவிடக் குறைந்த ஒரு எண்ணை வைத்து "ஏன் இப்படி இறக்கினே"ன்னு பைலட்டைக் கூப்பிட்டு உட்கார வைத்தால், அவர் என்ன செய்வார்? மெத்தென்று இறக்கப் பார்ப்பார். மெத்தென்று இறக்க என்ன வழி? ரன்வேக்கு மேல் கொஞ்ச நேரம் மிதக்க விடுவது. மிதக்கிற ஒவ்வொரு விநாடியும் 200 அடிக்கு மேல் ரன்வே பின்னால் போய்விடும். சென்னையில் பரவாயில்லை. டேபிள் டாப்பில், மழையில்? நனைந்த குட்டி ரன்வேயில் கொஞ்சம் அழுத்தமாக இறக்குவதுதான் சரி என்பது பாடப்புத்தகத்து விஷயம். மங்களூர் விசாரணையின்போது இந்த ஹார்ட் லேண்டிங் பயமும் பேசப்பட்டது. பயணிகள் நாமும் சும்மா இல்லை, மெத்தென்று இறங்கினா கை தட்டுறோம், தடால்னு இறங்கினா "எவன்டா இவன்"கிறோம்.

சாஃப்ட்வேர்காரனுக்கு இது புதுசா என்ன? நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் (பேர் வேண்டாம்) மாசத்துக்கு எத்தனை பக் மூடினே என்பதை வைத்து அப்ரைசல். மூணே மாசத்தில் ஒரு பக்கை மூணா உடைச்சு எழுதுற கலையில் டீமே டாக்டர் பட்டம் வாங்கிடுச்சு. ரிலீஸ் அன்னைக்கு "இது ரெடியாகலை, நிறுத்துங்க"ன்னு சொல்ற டெஸ்டருக்கு எந்தக் கட்டத்திலும் மார்க் கிடையாது. எங்க பெரியப்பாவோட ரெண்டு நிமிசம் மாதிரிதான்.

இதுக்கு பதில் வேற பரீட்சை வெச்சுடலாமே என்று சிமுலேட்டரில் என்னென்னவோ சேர்க்கிற ஆர்வமும் ஆபத்துதான். 2001 நவம்பர் 12, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, நியூயார்க். கிளம்பிய கொஞ்ச நேரத்தில், முன்னால் போன விமானத்தின் காற்றுச் சுழலில் மாட்டியது. கோ பைலட் ரட்டரை இடமும் வலமுமாக மாறி மாறி மிதித்ததில் வால் செங்குத்துப் பகுதியே முறிந்து விழுந்தது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 265 பேர். அந்த ஏர்லைன்ஸ் விமானம் கவிழாமல் மீட்பதற்கென்றே ஒரு சிறப்புப் பயிற்சி வைத்திருந்தது. அதில் சிமுலேட்டர், சுழல் காற்றில் விமானம் 90 டிகிரிக்கு மேல் புரண்டுவிடுவது போலக் காட்டும், முதலில் கண்ட்ரோலும் வேலை செய்யாத மாதிரி வைத்திருப்பார்கள். நிஜத்தில் அவ்வளவு பெரிய விமானம் அப்படிப் புரளாது. விமானத்தின் ரட்டர் அமைப்போடு, அந்தப் பயிற்சியின் சில அம்சங்களும் விபத்துக்குப் பங்களித்ததாக என்டிஎஸ்பி எழுதியது. பெட்டி பொய் சொன்னால் பைலட்டின் கால் அந்தப் பொய்யைத்தான் கற்றுக்கொள்ளும். அதனாலதான் முதலில் சொன்னேன், டிஜிசிஏ பெட்டியின் தகுதியைக் கேட்டது நியாயம்னு.

அளக்கிறதையே வேண்டாங்கிறியான்னு சிலர் கேட்கலாம். இல்லவே இல்லை. 2011 ஜனவரியில் கோவாவில் ஒரு விமானம் பின்சக்கரத்துக்குப் பதில் மூக்குச் சக்கரத்தில் இறங்கி அடிபட்டது. தோண்டிப் பார்த்தால் அந்தப் பைலட் முன்னாலும் அப்படி இறக்கியிருக்கிறார். இன்னும் தோண்டினால், லைசென்ஸுக்காகக் கொடுத்த தேர்வு மதிப்பெண் பட்டியலே போலி. அதற்கப்புறம் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பைலட் லைசென்ஸுகளைப் பிரித்துப் பார்த்தார்கள், கைதுகள் நடந்தன. பேப்பரில் ஜெயித்தவரைக் காட்டிக் கொடுத்தது சக்கரம் தரையைத் தொட்ட விதம். டேட்டா இல்லையென்றால் யாருக்குத் தெரிந்திருக்கும்? போலி சான்றிதழ் கொடுத்தவருக்கு ஜெயில்தான் இடம். ஆனா நேர்மையா ஓட்டி 1.8 ஜி-யில் இறக்கினவரையும் அதே முறைப்போடு கூப்பிட்டு விசாரிச்சா, அடுத்த தடவை அவர் மிதப்பார். இந்த இரண்டு பேரையும் பிரிக்கத் தெரியாத அளவுகோல் இருந்தென்ன.

2013-லேயே ஐகேஓ எவிடன்ஸ் பேஸ்டு ட்ரெயினிங் என்று ஒரு முறையைக் கொண்டுவந்துவிட்டது. வெறும் கை வேலையை மட்டும் பார்க்காமல், முடிவெடுப்பது, பேசிக்கொள்வது, சேர்ந்து வேலை செய்வது எல்லாவற்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க். காகிதத்தில் படிக்க அருமை. நடைமுறையில் ஒரே வீடியோவை இரண்டு எக்ஸாமினர்களிடம் காட்டினால் ஒருவர் 4 போடுவார், இன்னொருவர் 2 போடுவார். அப்ரைசல்ல அடிபட்ட நமக்கெல்லாம் இது தெரியாததா :( அதனால் எக்ஸாமினர்களையே உட்கார வைத்து மார்க் போடப் பழக்க வேண்டியிருக்கு.

நான் கேட்பது இதைவிட எளிமையானது. கேப்டன் மயங்கிவிட்டால் என்ன செய்வது என்பதற்கு காக்பிட்டில் ஏற்கெனவே ஒரு வழக்கம் உண்டு: இரண்டு தடவை சொல்லியும் பதில் இல்லையென்றால் கோ பைலட் கண்ட்ரோலை எடுக்கணும். மயங்கினவருக்கு இருக்கிற இந்த வைத்தியம் பிடிவாதம் பிடிக்கிறவருக்கும் வேணும். கோ அரவுண்ட் என்று ஒரு குரல் வந்துவிட்டால், யார் சொன்னாலும், மேலே போய்த்தான் ஆகணும். வாதம் எல்லாம் மேலே போன பிறகு. அதைப் பெட்டிக்குள் முன்னறிவிப்பு இல்லாமல் சோதிக்கணும். சீனியர் ஒருவர் கேப்டனாக உட்கார்ந்து, வேண்டுமென்றே காது கேட்காத மாதிரி இறக்கப் பார்க்கணும். பக்கத்தில் இருக்கிற 25 வயசுப் பையனோ பொண்ணோ கையை நீட்டி கண்ட்ரோலை எடுக்கிறாங்களான்னு பார்க்கணும். "சார்", "மேடம்"னு சொல்லியே வளர்ந்த நம்ம ஆட்களுக்கு வி-ஒன்ல என்ஜின் போறதைவிட இது கஷ்டமான பரீட்சை. எனக்குத் தெரிஞ்சு நம்ம ஆபீஸ்கள்ல பாதிப் பேர் ஃபெயில்.

அப்புறம், தினசரி டேட்டாவில் இருந்து இரண்டே எண்களை ஒவ்வொரு ஏர்லைன்ஸும் வருஷா வருஷம் வெளியிடணும். எத்தனை அப்ரோச் சரியாக அமையவில்லை, அதில் எத்தனையில் கோ அரவுண்ட் செய்தார்கள். ஆள் பேர் வேண்டாம், விமான எண் வேண்டாம். விமானம் நேரத்துக்குக் கிளம்பிய சதவீதத்தை விளம்பரம் போட்டுப் பீத்திக்கிறாங்கல்ல, பக்கத்துலயே இதையும் போடட்டும். கோ அரவுண்ட் செலவு பிடிக்கும், எரிபொருள் எரியும், பயணிகள் கத்துவார்கள், ட்விட்டரில் திட்டுவார்கள். "இதையும் விளம்பரப் போட்டியாக்கி, தேவையில்லாம எல்லாம் கோ அரவுண்ட் செய்வாங்களே"ன்னு நண்பர் ஒருத்தர் மடக்கினார். செய்யட்டுமே! தேவையில்லாமல் மேலே போனவர் பத்து நிமிஷம் லேட்டாக இறங்குவார். அவ்வளவுதானே நஷ்டம்?

சிமுலேட்டரில் மனுஷனை அளக்கும்போது கூட இருக்க வேண்டிய ஒரு கவனத்தையும் சொல்லிடறேன். 2009 ஜனவரி 15, ஹட்சன் ஆற்றில் இறங்கிய யு.எஸ்.ஏர்வேஸ் 1549 எல்லோருக்கும் தெரியும், 155 பேரும் பிழைத்தார்கள். பறவை அடித்தவுடனே திரும்பியிருந்தால் ஏர்போர்ட்டுக்கே போயிருக்கலாமா என்று விசாரணையில் சிமுலேட்டரில் பார்த்தார்கள். உடனே திரும்பினால் பல தடவை முடிந்தது. ஆனா அந்த பைலட்டுகளுக்கு என்ன நடக்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரியும். நிஜ மனுஷனுக்கு நிலைமை புரிய, யோசிக்க ஆகிற நேரம் என்று 35 விநாடியைச் சேர்த்துப் பார்த்தார்கள். லகார்டியாவுக்குத் திரும்ப முடியவில்லை. அந்த 35 விநாடியைச் சேர்க்காமல் எந்தப் பைலட்டுக்கும் பெட்டிக்குள் வைத்து மார்க் போடாதீங்க. கோழிக்கோடு கேப்டனுக்கும், பக்கத்தில் இருந்தவருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். வசதியா ஏற்காட்டுல காபி குடிச்சுக்கிட்டு "ஏன் கண்ட்ரோலை எடுக்கலை"ன்னு கேட்கிறது எனக்கு ஈஸி.

இண்டிகோவோ, ஏர் இந்தியாவோ, தாம்பரம் விமானப்படைப் பக்கமோ, பைலட்டா இருக்கிற தமிழ் மக்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தா ஒரே ஒரு கேள்வி. கடைசியா எப்போங்க, சொல்லாமக் கொள்ளாம, எக்ஸாமினர் பக்கத்து சீட்ல உட்கார்ந்து நீங்க சொல்றதைக் காதுல வாங்காம இறக்கப் பார்த்தாரு? நீங்க என்ன செஞ்சீங்க? பேர் போட வேண்டாம், அனானியா வந்து பின்னூட்டம் போட்டாலும் போதும்.